மூட்டைக்கு விலை, குளோரினுக்கு விலை

நகராட்சி ஒன்றின் பொதுப் பிரிவிலும் கணக்குப் பிரிவிலுமாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த ஆண்டுகளில் என் மேசைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை கொள்முதல் கோப்புகள். பிளீச்சிங் பவுடர், தெருவிளக்கு, குப்பை அள்ளும் தள்ளுவண்டி, மோட்டார் உதிரிபாகம், அலுவலகத் தாள் என்று ஓர் ஊர் இயங்கத் தேவையான எல்லாவற்றுக்கும் டெண்டர் அறிவிப்பு எழுதியிருக்கிறேன், விலை ஒப்பீட்டுப் பட்டியல் போட்டிருக்கிறேன், மன்றத்தின் முன் வைக்கும் பொருள் குறிப்பைத் தயாரித்திருக்கிறேன். டெண்டர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கமிஷன்தான். அது இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எவரும் ஒரு ரூபாய்கூடக் கை நீட்டி வாங்காத கொள்முதலிலும் மக்கள் பணம் வீணாவதை நான் தயாரித்த கோப்பிலேயே பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

மேல்நிலைத் தொட்டிகளில் போடுவதற்கான பிளீச்சிங் பவுடரை ஆண்டுக்கு ஒரு முறை, பெரும்பாலும் மார்ச் மாதத்தில், மொத்தமாக வாங்குவது எங்கள் வழக்கம். நிதியாண்டு முடிவதற்குள் ஒதுக்கீட்டைச் செலவு செய்துவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த மாதத்தைத் தேர்ந்தெடுக்க வேறு காரணம் இருந்ததில்லை. டெண்டர் அறிவிப்பில் "பிளீச்சிங் பவுடர், ஐ.எஸ்.ஐ. தரம், 25 கிலோ மூட்டை" என்று ஒரே ஒரு வரி இருக்கும். எனக்கு முன்பு அந்த இருக்கையில் இருந்தவர் எழுதிய வரி அது; அவருக்கு முன்பிருந்தவரும் அதையேதான் எழுதியிருந்தார். கிலோவுக்கு யார் குறைவாகச் சொன்னாரோ அவருக்கு ஆணை போகும். மூட்டைகள் வந்திறங்கியதும் எண்ணிப் பார்த்து, இரண்டு மூட்டையை எடை போட்டு, இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை வேய்ந்த கிடங்கில் அடுக்கிவிடுவோம்.

ஒரு ஐப்பசியில், மழை பிடித்த நேரம், டேங்க் ஆபரேட்டர் ஒருவர் குளோரோஸ்கோப்பின் கண்ணாடிக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். தண்ணீர் மாதிரியில் ஆர்த்தோடோலிடின் சொட்டுகளை விட்டால், அதில் குளோரின் இருக்கும்போது மஞ்சள் நிறம் வர வேண்டும். "சார், லட்சம் லிட்டர் தொட்டிக்கு அரைக் கிலோ போட்டா சித்திரையில நல்லா மஞ்சள் வந்துச்சு. இப்ப முக்கால் கிலோ போட்டாலும் கடைசித் தெருக் குழாயில நிறமே வரல, நீங்களே பாருங்க" என்று அந்தக் குழாயை என் மேசை மேல் வைத்தார். அதில் இருந்தது வெறும் தண்ணீரின் நிறம். குழாயின் கடைக்கோடியிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்பது குடிநீருக்கான இந்தியத் தர அளவு. மழைக்காலத்தில் அது இல்லையென்றால் எந்தத் தெருவில் எப்போது வயிற்றுப்போக்கு கிளம்பும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

பவுடரின் மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். பிளீச்சிங் பவுடருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1065. அதன்படி முதல் தரப் பவுடரில் எடையில் 34 சதவீதமும் இரண்டாம் தரத்தில் 32 சதவீதமும் பயன்படக்கூடிய குளோரின் இருக்க வேண்டும். எங்கள் மூட்டையில் அதில் பாதியைச் சற்றுத் தாண்டித்தான் இருந்தது. பொருள் தந்தவர் ஏமாற்றினார் என்று சொல்ல எங்களிடம் எந்த ஆதாரமும் இல்லை, ஏனென்றால் வந்திறங்கிய அன்று நாங்கள் சோதிக்கவே இல்லை. பிளீச்சிங் பவுடர் வெப்பத்திலும் ஈரத்திலும் தானாகவே வீரியம் இழக்கும் பொருள். கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அதை மாதக்கணக்கில் வேக வைத்தவர்கள் நாங்கள்தான்.

அந்தக் கோப்பை அன்று மாலையே எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒளிவுமறைவற்ற ஒப்பந்தப்புள்ளிகள் சட்டமும் அதன் கீழ் 2000ஆம் ஆண்டில் வந்த விதிகளும் கேட்கிற ஒவ்வொன்றும் அதில் இருந்தது. இந்தியாவில் அரசுக் கொள்முதலுக்கென்று தனிச்சட்டம் கொண்டுவந்த முதல் சில மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. கர்நாடகம் அடுத்த ஆண்டு இயற்றியது. இரண்டு கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாட்கள், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாட்கள் அவகாசம் தர வேண்டும். அதைக் குறைப்பதென்றால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தப்புள்ளிச் செய்தியிதழில் அறிவிப்பு வர வேண்டும். எவரது டெண்டர் ஏற்கப்பட்டது, மற்றவர்களுடையது எக்காரணத்தால் தள்ளப்பட்டது என்பதையும் அதே இதழுக்குத் தெரிவிக்க வேண்டும். நல்ல சட்டம் என்றே இன்றும் நினைக்கிறேன். எங்கள் கோப்பில் தேதிகள் சரியாக இருந்தன, கையெழுத்துகள் சரியாக இருந்தன, மிகக் குறைந்த விலைக்கே ஆணை தரப்பட்டிருந்தது. அந்தக் கோப்பில் குறை சொல்ல எதுவுமில்லை, குழாயில் குளோரினும் இல்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் தீரவில்லை.

என் மனைவி அரசு மருத்துவமனை ஒன்றில் மருந்தாளுநராக இருந்தவர். அன்றிரவு சாப்பிடும்போது நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "வந்த சரக்கை டெஸ்ட் ரிப்போர்ட் வர்ற வரைக்கும் தனியா வைக்க மாட்டீங்களா?" என்பதுதான். அப்படி ஒரு வழக்கம் உண்டு என்பதே எனக்கு அதுவரை உறைக்கவில்லை. ஒரே அரசாங்கத்தின் இரண்டு அலுவலகங்களில் வேலை பார்த்து, இரவில் ஒரே வீட்டுக்குத் திரும்பி வந்தவர்கள் நாங்கள். இருந்தும், அவருடைய துறை மருந்து வாங்கும் முறையை நான் ஒரு நாளும் விசாரித்துத் தெரிந்துகொண்டதில்லை.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கப்பட்டு 1995 ஜனவரியிலிருந்து செயல்படத் தொடங்கிய அரசு நிறுவனம். மாநிலத்தின் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை ஒரே இடத்திலிருந்து வாங்கித் தருவது அதன் வேலை. பிற்பாடு கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத் தங்களுக்கென்று இத்தகைய கழகங்களை அமைத்துக்கொண்டன. மையக் கொள்முதல் என்பதால் விலை குறைந்தது என்று மட்டுமே இதைப் பற்றிப் பலர் சொல்வார்கள். மனைவி விளக்கியபோது என் மனத்தில் நின்றது வேறு. முதலில், எதை வாங்குவது என்ற பட்டியல் இருக்கிறது. அத்தியாவசிய மருந்துகள் மட்டும், வணிகப் பெயரில் இல்லாமல் மருந்தின் பொதுப் பெயரில். யாரிடம் வாங்குவது என்பதற்கு இரண்டு உறை முறை: தயாரிப்பாளரின் தகுதியும் உற்பத்தித் திறனும் முதல் உறையில், விலை இரண்டாவது உறையில். முதல் உறையில் தேறாதவரின் விலை உறை திறக்கப்படுவதே இல்லை. மாவட்டக் கிடங்குக்கு வந்த மருந்து தொகுதி (பேட்ச்) வாரியாகத் தனியே நிறுத்தி வைக்கப்படும். மாதிரிகளை எடுத்து, தயாரிப்பாளர் பெயரை மறைத்து, ஒரு குறியீட்டு எண் மட்டும் இட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். தேறிய தொகுதிதான் மருத்துவமனைக்குப் போகும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ் புத்தகம் உண்டு. அதில் அந்த ஆண்டுக்கான மதிப்பு எழுதப்பட்டிருக்கும். தேவைப்படும்போது தேவையான அளவுக்குக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொண்டு அந்த மதிப்பில் கழித்துக்கொள்ளலாம். மார்ச் மாதத்தில் பணத்தைத் தீர்ப்பதற்காக ஓர் ஆண்டுக்கான மாத்திரையை வாங்கி அடுக்க வேண்டிய அவசியமே அங்கே எழுவதில்லை.

தயாரிப்பாளர் பெயரை மறைத்து மாதிரி அனுப்பும் அந்த ஒரு நடைமுறையை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் இருப்பவர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியையே அது எழ விடுவதில்லை. அவர் யாருக்கும் சலுகை காட்ட நினைத்தாலும், கையில் இருப்பது யாருடைய மாத்திரை என்று அவருக்குத் தெரியாது. நேர்மையானவர்களைத் தேடி நியமிக்க வேண்டும் என்று காலம் காலமாகப் பேசுகிறோம். நேர்மை குன்றியவர் வந்து உட்கார்ந்தாலும் கெடாத ஏற்பாட்டைப் பற்றி அந்த அளவுக்கு யோசிப்பதில்லை.

அடுத்த ஆண்டுக்கான குறிப்பை எழுதும்போது பழைய வரியைத் தூக்கிவிட்டு வேறு விதமாக எழுதினேன். பொறியாளரும் சுகாதார ஆய்வாளரும் உடன் உட்கார்ந்து உதவினார்கள். ஐ.எஸ். 1065 முதல் தரம் என்று தரநிலை எண்ணைக் குறிப்பிட்டோம். ஆண்டுத் தேவையை நான்கு தவணையாகப் பிரித்து, ஒவ்வொரு தவணையும் வந்திறங்கும் அன்றே பொருள் தந்தவரின் ஆள் முன்னிலையில் மூன்று மாதிரிகள் எடுத்து முத்திரையிடுவது என்றும், ஒன்று ஆய்வுக்கூடத்துக்கு, ஒன்று அவருக்கு, ஒன்று அலுவலகத்துக்கு என்றும் எழுதினோம். முடிவு வரும் வரை மூட்டைகள் தனியே இருக்கும். அளவு குறைந்தால் அவர் செலவிலேயே திருப்பி எடுத்துச் செல்ல வேண்டும். முடிவு சரியாக இருந்தால் எத்தனை நாளில் பணம் தருவோம் என்பதையும் அதே பக்கத்தில் எழுதினோம்.

விலை ஏறியது. எதிர்பார்த்ததுதான். எண்களை எளிமையாக்கிச் சொல்கிறேன்: கிலோ 24 ரூபாய்க்கு வாங்கிய பவுடரில் 20 சதவீதம் குளோரின் இருந்தால், ஒரு கிலோ குளோரினுக்கு நாம் கொடுப்பது 120 ரூபாய். கிலோ 30 ரூபாய்க்கு வாங்கியதில் 34 சதவீதம் இருந்தால் ஒரு கிலோ குளோரினுக்கு ஏறக்குறைய 88 ரூபாய்தான். ஊருக்குத் தேவை குளோரின். வெள்ளைத் தூள் அதைச் சுமந்து வரும் வாகனம். இந்தக் கணக்கைக் குறிப்பிலேயே எழுதி வைத்தது பிறகு என்னைக் காப்பாற்றியது.

தணிக்கையின்போது தணிக்கைத் தடை, அதாவது செலவின் மீதான ஆட்சேபம், எழுதப்பட்டது. முந்தைய ஆண்டின் விலையைவிடக் கூடுதல் விலைக்கு அதே பொருள் வாங்கப்பட்டிருப்பதால் ஏற்பட்ட கூடுதல் செலவை உரியவர்களிடமிருந்து ஏன் வசூலிக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். முந்தைய ஆண்டில் பவுடர் பாதி வீரியம் இழந்து கிடந்ததற்கோ, நோய் பரவும் காலத்தில் தண்ணீரில் குளோரின் இல்லாமல் இருந்ததற்கோ எந்தத் தடையும் எழுதப்பட்டதில்லை. அங்கே மிகக் குறைந்த விலைதான் ஏற்கப்பட்டிருந்தது. பதிலையும் ஆய்வுக்கூட முடிவுகளையும் ஆபரேட்டரின் பதிவேட்டு நகல்களையும் இணைத்து அனுப்பி, அந்தத் தடை கைவிடப்படுவதற்கு ஒன்றரை ஆண்டு ஆனது. அதுவரை என் ஓய்வூதியத்தில் கை வைப்பார்களோ என்ற பயம் வீட்டில் இருந்தது. தணிக்கை செய்தவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் கையில் இருந்த அளவுகோல் ஒன்றே ஒன்று, அது விலை. அந்த அளவுகோலுக்கு அஞ்சித்தான் நூற்றுக்கணக்கான அலுவலகங்களில் என்னைப் போன்றவர்கள் பழைய வரியையே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். தரத்தைப் பார்த்து வாங்கிய அலுவலருக்கு, அதற்கான காரணத்தை எழுத ஓர் இடமும், அந்தக் காரணத்தைப் படித்து எடை போடும் தணிக்கையும் கிடைக்காதவரை, எத்தனை சட்டம் வந்தாலும் எல் 1, அதாவது மிகக் குறைந்த விலை சொன்னவர், என்ற மரத்தடியில்தான் எல்லோரும் ஒதுங்குவார்கள். மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில் வெளியிட்ட கொள்முதல் வழிகாட்டு நெறிகளில், குறிப்பிட்ட வகைப் பணிகளுக்கு விலையோடு தரத்துக்கும் மதிப்பெண் தரலாம், அது 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இடம் தரப்பட்டிருக்கிறது. நல்ல தொடக்கம். அதைப் பயன்படுத்திய கையெழுத்துக்கு உரியவர் ஐந்தாண்டு கழித்து எப்படி நடத்தப்படுகிறார் என்பதைப் பொறுத்துத்தான் மற்றவர்கள் பேனாவை எடுப்பார்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. தரம் என்ற பெயரில் ஒரே ஒரு நிறுவனத்துக்குப் பொருந்தும்படி விவரக்குறிப்பை எழுதுவது. எல்.இ.டி. தெருவிளக்குகள் வரத் தொடங்கிய காலத்தில் என் மேசைக்கு வந்த ஒரு விவரக்குறிப்பில் விளக்கின் நீளம், அகலம், உயரம் மூன்றும் மில்லிமீட்டர் பிசகாமல் கொடுக்கப்பட்டிருந்தன. ஒரு நிறுவனத்தின் விளம்பரக் கையேட்டிலிருந்து அப்படியே எடுத்தது என்பதைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன், ஏனென்றால் அந்தக் கையேட்டில் இருந்த அச்சுப்பிழையும் சேர்ந்தே வந்திருந்தது. தெருவுக்கு வெளிச்சம் எவ்வளவு வேண்டும் என்பதைச் சொல்லும் லூமன் கணக்கு அதில் எங்குமே இல்லை, வாட் மட்டும் இருந்தது. வாட் என்பது விளக்கு தின்னும் மின்சாரம். அது தரும் வெளிச்சம் லூமன். இடியும் மின்னலும் வரும் ஊரில் மின்னழுத்தம் திடீரென எகிறினால் விளக்கு தாங்குமா என்ற கேள்வியும் இல்லை. பொருளின் உருவத்தை விவரிக்கும் குறிப்பு போட்டியைக் குறைக்கும், அது செய்ய வேண்டிய வேலையை விவரிக்கும் குறிப்பு போட்டியைக் கூட்டும் என்பது என் அனுபவம். தேவைக்கு மேற்பட்ட அம்சங்களைச் சேர்த்து வீண்செலவுக்கு வழி வைக்கக் கூடாது என்று மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 144ஆம் விதி தெளிவாகவே சொல்கிறது. எங்கள் கோப்பைத் திருப்பி அனுப்பினோம்; திரும்பி வந்தபோது லூமன் இருந்தது, மில்லிமீட்டர் இல்லை.

இ-டெண்டர் வந்ததால் தீர்ந்தது எது, தீராதது எது என்பதையும் சொல்ல வேண்டும். டெண்டர் பெட்டிக்கு முன்னால் ஆட்கள் நின்றுகொண்டு வெளியூர்க்காரரை உறை போட விடாமல் தடுத்த நாட்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை ஓர் இளைஞர் உறையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, வரி கட்ட வந்தவர்களின் வரிசையில் நின்று உள்ளே வந்தார். அந்த அவலம் கணினியால் ஒழிந்தது. சிண்டிகேட் ஒழியவில்லை. நான்கு பேர் கூடிப் பேசி, இந்த வேலை உனக்கு, அடுத்தது எனக்கு என்று முடிவு செய்துவிட்டு, நான்கு வெவ்வேறு விலைகளை நான்கு கணினிகளிலிருந்து ஏற்றினால் திரையில் அது போட்டி போலவே தெரியும். இதை 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் 3ஆம் பிரிவில் தடை செய்திருக்கிறது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஒரு கோப்பு போதாது. ஐந்தாண்டு டெண்டர்களை ஒன்றாக வைத்து, யார் எப்போது ஜெயித்தார், யார் ஒவ்வொரு முறையும் இரண்டாவதாகவே நின்றார் என்று பார்த்தால்தான் தெரியும். அந்தத் தகவல் முழுவதும் இப்போது அரசின் கணினியில் இருக்கிறது. அதை உட்கார்ந்து படிப்பதற்கென்று ஓர் ஆளை நியமித்த அலுவலகத்தை நான் என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. சிறு தொகைக் கொள்முதலில் மூன்று விலைப்புள்ளிகளும் ஒரே தட்டச்சுப் பிழையோடு வருவதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பதிவு முடியாது.

புதியவர்கள் டெண்டர் போட வர வேண்டும் என்றால் டெண்டரோடு கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகையைக் குறைப்பது, முன் அனுபவ நிபந்தனையைத் தளர்த்துவது என்றெல்லாம் யோசனைகள் வருகின்றன. எல்லாம் உதவும். ஆனால் நான் பேசிய சிறு வியாபாரிகள் ஒவ்வொருவரும் சொன்ன காரணம் பணம் வருவதில் ஏற்படும் தாமதம். பொருளைக் கொடுத்துவிட்டு ஆறு மாதம், எட்டு மாதம் அலைய வேண்டும் என்று தெரிந்தவர் அந்த வட்டியை விலையில் ஏற்றித்தான் சொல்வார், அல்லது வரவே மாட்டார். காத்திருக்கும் வசதியுள்ள இரண்டு மூன்று பேரே எஞ்சுவார்கள், அவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதும் எளிது. குறு, சிறு தொழில் செய்பவர்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. நாளைக்கும் அதே அலுவலகத்தில் ஆணை வாங்க வேண்டியவர் இன்று அந்த வட்டியைக் கேட்டு மனு போடுவாரா? நான் பணியில் இருந்தவரை ஒருவரும் கேட்டதில்லை.

அதனால் பிளீச்சிங் பவுடர் பில்லை மட்டுமாவது ஒரு சோதனையாக எடுத்துக்கொண்டோம். ஒரு பில் எங்கள் அலுவலகத்தில் ஏழு மேசைகளைக் கடந்தது. எந்த மேசையில் எத்தனை நாள் நின்றது என்று ஒரு சாதாரணக் கோடு போட்ட நோட்டில் தேதி குறிக்கத் தொடங்கினேன். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, நோட்டை மேலாளரின் மேசையில் எல்லோருக்கும் தெரியும்படி வைத்தேன், அவ்வளவுதான். முதல் தவணையின் பில் 41 நாளில் முடிந்தது, நான்காம் தவணை 16 நாளில்.

அடுத்த ஆண்டு டெண்டருக்கு முன்னதான விளக்கக் கூட்டத்துக்குப் பக்கத்து மாவட்டத்திலிருந்து ஒருவர் புதிதாக வந்திருந்தார். குளோரின் அளவைப் பற்றியோ மாதிரி எடுப்பதைப் பற்றியோ அவர் எதுவும் கேட்கவில்லை, "பணம் எத்தனை நாள்ல வரும் சார்?" என்று மட்டும் கேட்டார். நான் அந்த நோட்டை எடுத்து நான்கு பில்களின் தேதிகளையும் வாசித்துக் காட்டினேன். அவர் தன் கைபேசியில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனார். வழக்கமாக இரண்டு பேர் போடும் அந்த டெண்டருக்கு அந்த ஆண்டு ஐந்து பேர் போட்டார்கள்.